ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், 19 பிள்ளைகள்

கேட்டவர் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்தில் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றின் தொடக்கப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இடைநிலை ஆசிரியர். ஒன்றாம் வகுப்பில் 4 பேர், இரண்டில் 3, மூன்றில் 5, நான்கில் 3, ஐந்தில் 4. ஹெச்.எம்.மையும் சேர்த்து ஆசிரியர்கள் இரண்டே பேர். "ஒரு வகுப்புக்குப் பாடம் எடுத்தா மத்த வகுப்பு சந்தக்கடை ஆயிடுது. ஐந்து வகுப்பையும் எப்படித்தான் நடத்துறது?" என்பது கேள்வி.

முதலில் நிமிடக் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள்தான். ஆகவே மூன்றாவது ஆள் வருவார் என்று காத்திருக்க வேண்டாம். அதே சட்டம் 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 நாள், 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்கிறது. நாளுக்கு 4 மணி நேரம், அதாவது 240 நிமிடம். நீங்கள் 1, 2, 3 வகுப்புகளை வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வகுப்புக்கும் நீங்கள் நேரடியாகக் கிடைப்பது 80 நிமிடம். மீதி 160 நிமிடம் அந்தப் பிள்ளை உங்கள் கண்ணெதிரே இருக்கும், ஆனால் உங்கள் கவனம் வேறு பக்கம் இருக்கும். பாடக்குறிப்பு எழுதும்போது நாம் எல்லோரும் அந்த 80 நிமிடத்துக்குத்தான் எழுதுகிறோம். சின்னப் பள்ளியில் அதைத் திருப்பிப் போட வேண்டும். 160 நிமிடத்துக்கானதை முதலில் எழுதுங்கள், 80 நிமிடத்துக்கானதை அப்புறம் எழுதலாம். சந்தைக்கடை ஆவது அந்த 160இல்தான்.

யார் எந்த வகுப்பை எடுப்பது? அலுவலகத்துக்கு அடிக்கடி எழுந்து போகிறவர் 4, 5 வகுப்பை வைத்துக்கொள்வது நல்லது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு பக்கம் வேலை கொடுத்துவிட்டு 20 நிமிடம் போனில் பேசிவிட்டு வரலாம். ஒன்றாம் வகுப்பில் 5 நிமிடம் விட்டால், ஒருவன் அழுதுகொண்டு நிற்பான், இன்னொருவன் கேட்டைத் தாண்டியிருப்பான். சில பள்ளிகளில் 1, 2 வகுப்பு எளிது என்று அதை ஹெச்.எம். எடுத்துக்கொள்வார். அது எளிது இல்லை, மொத்தப் பள்ளியிலும் கஷ்டமான வேலை அதுதான். ஹெச்.எம்.மிடம் பேசி, பதிவேடு, எமிஸ் (பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் தளம்) வேலைகளை மாலை 3:30க்கு மேல் தள்ளிக்கொண்டால் 4, 5 வகுப்பும் தப்பிக்கும்.

அடுத்தது குழு பிரிப்பது. ரிஜிஸ்டரில் ஐந்து வகுப்பு இருக்கட்டும், தரையில் ஐந்து வகுப்பு வேண்டாம். இரண்டாம் வகுப்பில் மூன்று பேர் என்றால் மூன்று பேரும் மூன்று தரத்தில் இருப்பார்கள். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளையின் கற்றல் நிலையை வைத்துப் பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் பிரிவை இங்கே நேர்மையாகப் பயன்படுத்துங்கள். ஒரு பிள்ளை தமிழில் மலராகவும் கணக்கில் அரும்பாகவும் இருக்கலாம். தமிழுக்கு ஒரு குழுவிலும் கணக்குக்கு வேறு குழுவிலும் உட்காரட்டும். மூன்றாம் வகுப்புப் பிள்ளையை நிரந்தரமாக ஒன்றாம் வகுப்போடு உட்கார வைத்துவிட்டு மறந்துபோவதுதான் இங்கே நடக்கிற பெரிய தப்பு. ஜூனில் போட்ட குழு டிசம்பரிலும் அப்படியே இருந்தால், அதற்குப் பெயர் குழு இல்லை, ஒதுக்கிவைத்தல். ஆறு வாரத்துக்கு ஒருமுறை கலைத்துப் போடுங்கள்.

செயல்வழிக் கற்றல் 2007–08இல் மாநிலம் முழுக்க வந்தபோது போட்ட கீழ்மட்டக் கரும்பலகை உங்கள் பள்ளிச் சுவரில் இன்னும் இருக்கும். பல பள்ளிகளில் அதன் மேல் பீரோவைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். பீரோவை நகர்த்துங்கள். பலவகுப்புப் பள்ளிக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டம், மேலே பெயர். நீங்கள் அறையின் எந்த மூலையில் உட்கார்ந்திருந்தாலும், தலையைத் தூக்கினால் யார் எழுதுகிறார், யார் கோலம் போடுகிறார் என்று தெரியும். நோட்டில் எழுதுவதை அப்படிப் பார்க்க முடியாது. பலகை வெளுத்திருந்தால் பள்ளி மானியத்தில் கரும்பலகை பெயிண்ட் வாங்கி, முதல் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது பூச்சு அடியுங்கள். பெயிண்ட் வரும்வரை அடுப்புக்கரியும் கோவை இலையும் அரைத்துத் தேய்க்கிற பழைய வைத்தியம் கை கொடுக்கும்.

45 நிமிடப் பாடவேளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் 5 நிமிடம் மூன்றாம் வகுப்புக் குழுவுக்கு வேலை கொடுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், "புரிஞ்சுது டீச்சர்" என்று கோரஸாகத்தான் வரும். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று அதன் வாயாலேயே சொல்ல வையுங்கள். அடுத்த 15 நிமிடம் ஒன்றாம் வகுப்போடு தரையில் உட்காருங்கள். இரண்டாம் வகுப்பு அந்த நேரம் நேற்றுப் படித்ததை எழுதிக்கொண்டிருக்கும். பிறகு 3 நிமிடம் ஒரு சுற்று நடந்து வாருங்கள், பேச வேண்டாம், கையால் தொட்டுக் காட்டினால் போதும். அடுத்த 15 நிமிடம் இரண்டாம் வகுப்பு. கடைசி 7 நிமிடம் மூன்றாம் வகுப்பு செய்ததைப் பார்க்க. இந்த 7 நிமிடத்தை மட்டும் எதற்காகவும் விட்டுவிடாதீர்கள். கொடுத்த வேலையை டீச்சர் பார்ப்பதில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிய மூன்று நாள் போதும். அதற்குப் பிறகு அந்தக் குழுவை அடக்க முடியாது.

தனியே செய்யும் வேலைக்கு என் அளவுகோல் சில உண்டு. வேலையின் வடிவம் பிள்ளைக்கு முன்பே பழகியதாக இருக்க வேண்டும். புதுக் கணக்கு, பழைய விளையாட்டு என்றால் ஓடும். புதுக் கணக்கு, புது விளையாட்டு என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் புடவையையோ சட்டையையோ இழுப்பார்கள். விடையைத் தானே சரிபார்க்க வழி இருக்க வேண்டும். அட்டையின் பின்பக்கம் விடை எழுதியிருந்தால் போதும். பார்த்து எழுதிவிடுவார்களே என்றால், எழுதட்டும், கடைசி 7 நிமிடத்தில் ஒரு கணக்கை வாயால் கேட்டால் தெரிந்துவிடும். பென்சில், ரப்பர், துருவி எல்லாம் குழு நடுவில் ஒரு டப்பாவில் இருக்க வேண்டும். வகுப்பு கெடுவதில் பாதி "டீச்சர், பென்சில் உடைஞ்சுபோச்சு"வில்தான் தொடங்குகிறது. வேலை தேவையைவிடக் கொஞ்சம் நீளமாகவே இருக்கட்டும். முடித்துவிட்டவர்களுக்கு வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிநிலையில் வரும் கதைப் புத்தகங்களைக் கயிற்றில் தொங்கவிடுங்கள். பீரோவில் பூட்டி வைத்த புத்தகம் புத்தாய் இருக்கும், அவ்வளவுதான்.

பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நல்லதுதான், நாளுக்கு 15 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கெட்டிக்காரி என்பதற்காக ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி வருஷம் முழுக்க ஒன்றாம் வகுப்பைக் கட்டி மேய்த்துவிட்டு, ஆறாம் வகுப்புக்குப் பின்னம் தெரியாமல் போகிறாள். அவளுக்கு நாம் செய்வது அநியாயம்.

ஒன்றாம் வகுப்புத் தமிழுக்கு வருவோம், மற்ற எல்லாமே அதன் மேல்தான் நிற்கிறது. அ, ஆ என்று வரிசையாக 12, பிறகு க, ங என்று 18 என ஓடினால் பிள்ளை பொங்கல் வரை ஒரு சொல்லும் படிக்காது. ட, ப, ம மூன்று எழுத்தும் புள்ளியும் கொடுங்கள். அந்த வாரமே படம், மடம், பட்டம், மட்டம் என்று நாலு சொல் படித்துவிடும். ர சேர்ந்தால் மரம், க சேர்ந்தால் பக்கம், கட்டம். படிக்க முடிகிறது என்கிற ருசி ஒருமுறை பட்டுவிட்டால் பிறகு நீங்கள் இழுக்க வேண்டியதில்லை.

சிக்கல் கொம்பில் வரும். கொ என்பதில் பிள்ளை முதலில் பார்ப்பது கொம்பு, பிறகு க, பிறகு கால். இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிக்கொடுத்தது நாம்தானே? அது "கெ", "கா" என்று இரண்டாகப் படிக்கும். திட்டி ஆகப்போவது இல்லை. ஒரு அட்டையில் நடுவே க எழுதி, இரண்டு பக்கமும் மடிக்கும் காது ஒட்டுங்கள். இடக் காதில் கொம்பு, வலக் காதில் கால். இடதை மட்டும் விரித்தால் கெ, வலதை மட்டும் விரித்தால் கா, இரண்டையும் விரித்தால் கொ. நாலு நாளில் தெளிந்துவிடும். உகர வரிசையைக் கடைசிக்குத் தள்ளுங்கள், ஏனென்றால் அதற்கு ஒரே குறி கிடையாது. அதையும் அகர வரிசையில் கொடுக்காமல் வடிவம் பார்த்துக் கட்டுங்கள்: கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கட்டு; சு, பு, யு, வு ஒரு கட்டு; ணு, து, நு, லு, று, னு ஒரு கட்டு.

நம் பக்கத்துப் பேச்சையும் கணக்கில் எடுக்க வேண்டும். வட ஆற்காட்டு வாயில் பழம் என்பது பயம், மழை என்பது மய. பிள்ளை "வாயப்பயம்" என்று எழுதினால் அது காதால் கேட்டதைத் துல்லியமாக எழுதுகிறது என்று அர்த்தம். முதலில் அதற்கு ஒரு சபாஷ் போடுங்கள். பிறகு நாக்கு நுனியை மேலே மடித்து ழ சொல்லிக் காட்டுங்கள், பயம் என்றால் அச்சம் என்று படம் போட்டு வேறுபாட்டைக் காட்டுங்கள். "வந்துகினு இருந்தான்" என்று எழுதியதைச் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். பக்கத்தில் "வந்துகொண்டிருந்தான்" என்று எழுதி, இது வீட்டுப் பேச்சு, இது புத்தகப் பேச்சு என்று இரண்டையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காட்பாடி, குடியாத்தம் எல்லைப் பக்கமாக மாற்றலாகிப் போனால் வீட்டில் தெலுங்கோ உருதோ பேசும் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்கு முதல் மூன்று மாதம் எழுத்தைவிடப் பேச்சுதான் முக்கியம்.

கணக்கில் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் கடன் வாங்கிக் கழித்தல். 42இலிருந்து 17ஐக் கழி என்றால் 35 என்று வரும். கவனக்குறைவு என்று நினைத்துவிட வேண்டாம், அதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. பெரியதிலிருந்து சிறியதைத்தான் கழிக்க முடியும் என்று நாமே முன்பு சொல்லியிருக்கிறோம். அதனால் 2இலிருந்து 7 போகாது என்றதும் 7இலிருந்து 2ஐக் கழித்து 5 போடுகிறது. 50 − 23க்கு 33 போடும் பிள்ளையும் இதே வழிதான்.

குழுவுக்கு 100 தென்னங்குச்சி வேண்டும், விரல் நீளத்துக்கு நறுக்கியது. பத்துப் பத்தாகக் கட்ட ரப்பர் பேண்டு வேண்டாம், வெயிலில் இற்றுப்போகும், இல்லாவிட்டால் பையன்கள் பையில் போய்ச் சேரும். பழைய சைக்கிள் டியூபை வளையம் வளையமாக நறுக்கினால் வருஷம் முழுக்க வரும். 42 என்றால் 4 கட்டு, 2 உதிரி. "17 கொடு" என்று கை நீட்டுங்கள். 7 உதிரி கொடுக்க முடியாமல் பிள்ளை முழிக்கும். அவிழ்க்கலாம் என்று நீங்கள் சொல்லாதீர்கள், காத்திருங்கள். யாராவது ஒரு பிள்ளை கட்டை அவிழ்க்கும். இப்போது 3 கட்டு, 12 உதிரி. 7 போனால் 5, ஒரு கட்டு போனால் 2 கட்டு, ஆக 25. இரண்டு நாள் குச்சி மட்டும். மூன்றாம் நாள்தான் எழுத்து. எழுதும்போது 4ஐ அடித்து 3 போட்டுவிட்டு 2ஐ 12 ஆக்க மறப்பது ஒரு தப்பு. தேவையில்லாத 48 − 13இலும் கடன் வாங்குவது இன்னொரு தப்பு, இது ஒரே மாதிரிக் கணக்கை 20 போட்டுப் பழக்குவதால் வருகிறது. ஆறு கணக்கில் மூன்றுக்கு மட்டும் அவிழ்க்க வேண்டியிருக்கும்படி கலந்து கொடுத்து, விடை போடும் முன் "அவிழ்க்கணுமா, வேணாமா?" என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள்.

4, 5 வகுப்புக் கணக்குக்குச் சமையல் அறையே போதும். மதியச் சத்துணவுக்குத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி. 19 பேருக்கு 1 கிலோ 900 கிராம். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுக்கு ஆளுக்கு 50 கிராம் அரிசி அல்லது ரவை, 950 கிராம். இன்று 3 பேர் வரவில்லை, எவ்வளவு குறையும்? 25 கிலோ மூட்டை எத்தனை நாள் வரும்? கேள்விகள் தானாக வரும், விடையை மறுநாள் காலை தராசில் சரிபார்க்கலாம். முட்டை வந்த அன்றே தண்ணீர் வாளியில் போட்டுப் பார்ப்பதையும் ஐந்தாம் வகுப்பிடம் விடுங்கள். படுத்துக் கிடந்தால் புதிது, ஒரு நுனி தூக்கி நின்றால் நாளானது, மிதந்தால் தூக்கிப்போட வேண்டியது. ஓட்டுக்குள் காற்றறை பெரிதாவதுதான் காரணம், அதுவே அன்றைய அறிவியல் பாடம். அன்றைக்கே அவிக்காத முட்டையை ஈரத்தோடு அட்டையில் அடுக்க வேண்டாம், வேலூர் வெயிலில் சீக்கிரம் கெடும்.

வருகை பற்றி ஒன்று. நம் பக்கம் பொங்கலிலிருந்து மார்ச் வரை ஊருக்கு ஊர் எருது விடும் விழா. பக்கத்து ஊரில் விழா என்றால் 4, 5 வகுப்புப் பையன்கள் வரமாட்டார்கள், மிரட்டிப் பயன் இல்லை. மகாசிவராத்திரிக்கு அடுத்து வரும் அங்காளம்மன் கோயில் மயானக் கொள்ளைத் திருவிழா நாளும் அப்படித்தான். தேதிகளை முன்கூட்டியே ஊரில் கேட்டு நாள்காட்டியில் குறித்து, அந்த நாட்களில் புதுப் பாடம் தொடங்காமல் இருந்தால் பாதித் தலைவலி போகும். மறுநாள் வரும்போது விழாவையே பாடமாக்குங்கள். குறிப்பிட்ட தூரத்தை எந்த மாடு குறைந்த வினாடியில் ஓடுகிறதோ அதற்குத்தான் பரிசு. எந்த மாடு எத்தனை வினாடி என்று பையன்களுக்கு மனப்பாடம். பலகையில் எழுதி வரிசைப்படுத்தச் சொன்னால், தசம எண்ணில் சிறியது எது பெரியது எது என்று புத்தகம் திறக்காமலே வந்துவிடும். புளி உலுக்கும் நாட்களில் பிள்ளை வராதது வேறு விஷயம். அது வீட்டுக் கஞ்சி சம்பந்தப்பட்டது. அம்மாவிடம் போய் மதியம் வரையாவது அனுப்பக் கேளுங்கள்.

ஒன்றாம் வகுப்பில் சாக்பீஸ், பல்பம் தின்னும் பிள்ளை ஒன்று எப்படியும் இருக்கும். அடிக்காதீர்கள். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் மண், பல்பம் தின்னத் தோன்றும். வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்து வாந்தி எடுத்தால் அடுத்த வாரம் ஊரே வேண்டாம் என்றுவிடும், சாப்பாட்டுக்குப் பிறகே கொடுங்கள். பிப்ரவரி, ஆகஸ்டில் வரும் குடற்புழு மாத்திரையைக் கடித்து மென்று விழுங்க வையுங்கள். அந்தப் பிள்ளை வெளுத்துப் போயிருந்தால், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் தனியாகக் காட்டுங்கள்.

மானியம்: 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி ஆண்டுக்கு 10,000 ரூபாய், அதில் 10 சதவீதம் தூய்மைக்கு. சுவரில் பொம்மை வரைந்து தீர்த்துவிடாமல், கரும்பலகை, பாய், குடிநீர்க் குழாய் என்று முதலில் செலவழியுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்று விதி. அம்மாக்கள் நூறு நாள் வேலைக்குப் போகும் நேரத்தில் கூட்டம் வைத்தால் கையெழுத்துதான் வரும், ஆள் வராது.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஆனால் நிச்சயம் வரப்போகிற நாள். ஹெச்.எம். கூட்டத்துக்கோ வட்டார வள மையப் பயிற்சிக்கோ போய்விடுவார். 19 பேரும் உங்களிடம். மாற்றுப் பணிக்கு ஆள் கேட்டு பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) அலுவலகத்துக்கு எழுதுங்கள், ஆனால் வந்தால் வரவு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அன்று ஐந்து வகுப்புக்கும் பாடம் நடத்த முயற்சி செய்யாதீர்கள், ஒன்றும் நடக்காது. இதற்கென்று ஒரு தகரப் பெட்டி வைத்திருங்கள். உள்ளே 5 கதைப் புத்தகம், ஒவ்வொன்றின் பின்னட்டையிலும் வகுப்புக்கு ஒன்றாக 5 கேள்வி, குச்சிக் கட்டுகள், பழைய காலண்டர் தாள் 20, ஒரு அளவு நாடா, 19 பெயர் எழுதிய சீட்டு. காலையில் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்து ஒரே கதையைப் படியுங்கள். ஒன்றாம் வகுப்பு படம் வரையும், இரண்டு, மூன்று பெயர்ச்சொற்களைத் தேடி எழுதும், நாலும் ஐந்தும் கதையின் முடிவை மாற்றி எழுதும். மதியத்துக்கு முன் ஐந்து பேருக்கு ஒருவரைத் தலைவராக்கி, சீட்டுக் குலுக்கி நாலு குழு, பள்ளிச் சுவர், வேப்பமரச் சுற்றளவு, வாசற்படி உயரம் எல்லாவற்றையும் அளந்து எழுதட்டும். மாலை 3:30க்கு மேல் பெட்டியில் குறைந்ததை நிரப்பி வைத்துவிட்டுப் பூட்டுங்கள். அடுத்த அழைப்பு பெரும்பாலும் முந்தின நாள் சாயங்காலம்தான் வாட்ஸ்அப்பில் வரும்.